மலையோரத்தில் மரச்சிற்பம்: வாங்குவதும் செய்விப்பதும்

வெள்ளறடையிலிருந்து அம்பூரிக்கு ஏறும் சாலையின் இருபுறமும் ரப்பர் தோட்டங்கள். அவற்றைத் தாண்டினால் நெய்யாறு அணையின் நீர்த்தேக்கம், அதற்கப்பால் காணிக்காரர்களின் ஊர்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் அகத்தியமலை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் ஆறுகாணியும் பத்துகாணியும். இந்த மலையோரத்துக்கு வந்துபோகிறவர்கள் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மலைவாழ் மக்கள் கையால் செதுக்கிய மரச்சிற்பம் இங்கே எங்கே கிடைக்கும்? சொல்லிச் செய்து வாங்க முடியுமா?" புது வீட்டின் முன்னறைக்கு வேண்டும் என்பார் ஒருவர். தங்கும் விடுதியின் வரவேற்பறைக்கு என்பார் இன்னொருவர். கனடாவில் பார்த்த கேதுரு மரத் தூண்களும் முகமூடிகளும் சிலருடைய நினைவில் இருக்கின்றன. நம் மலையிலும் அப்படி ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையோடு கேட்கிறார்கள்.

ஆசை நல்லதுதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புகுந்தால் மரம் யாருடையது, உருவம் யாருடையது, செதுக்கியவரின் பெயர் எங்கே போகிறது என்று பல கேள்விகள் கூடவே வந்து நிற்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழையதைத் தேடிச் சேர்ப்பதைவிட, இன்று உளி பிடிக்கும் கலைஞரிடம் புதியதைச் சொல்லிச் செய்விப்பதே மேல். அதையும் முறையாகப் பேசி, எழுதி, அந்த வட்டாரத்து மரத்தில், செய்தவர் பெயரோடு செய்விக்க வேண்டும். அப்படிச் செய்யாதபோது என்ன நடந்தது என்பதற்கு நம் பக்கத்திலும் உலகின் மறுகோடியிலும் போதிய சான்றுகள் இருக்கின்றன.

முதலில் காணிகள் எனப்படும் அந்தக் காணிக்காரர்களைப் பற்றி. அகத்தியமலையின் இரு சரிவுகளிலும், திருவனந்தபுரம் மாவட்டத்திலும் பேச்சிப்பாறைப் பகுதியிலும் பாபநாசம் மலையிலும் வாழும் இம்மக்கள் மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்றவர்கள் அல்லர். அவர்கள் கைத்திறன் ஈற்றையிலும் மூங்கிலிலும் பிரம்பிலும் இருக்கிறது. பாய், கூடை, முறம் எல்லாம் அவற்றிலிருந்தே வந்தன. பழைய வீடுகளின் சுவர்கூட மூங்கில் தட்டிதான். இந்த மக்களிடம் போய் "ஒரு சிலை செதுக்கித் தாருங்கள்" என்று கேட்பது, இல்லாத மரபைப் பணத்தால் உண்டாக்கச் சொல்வதாகும். சட்டமும் அதற்கு இடம் தராது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் மக்களுக்குச் சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தந்தது. மூங்கிலும் பிரம்பும் தேனும் அதில் அடங்கும். வெட்டுமரம் அடங்காது. வெளியிலிருந்து வருபவரின் ஆசைக்காகக் காட்டு மரத்தில் ஒருவர் கைவைத்தால் வழக்கு அவர்மேல்தான் வரும், சிலை கேட்டவர்மேல் வராது. வெள்ளகில், சந்தனவேம்பு என்று கேதுரு வகையோடு ஒப்பிடப்படும் மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு என்பதைக் கேள்விப்பட்டு, "அந்த மரத்திலேயே செய்து தரச் சொல்லுங்கள்" என்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

அப்படியானால் மலைமக்களின் கைவேலையை வாங்கவே கூடாதா? தாராளமாக வாங்கலாம். அவர்களிடம் உண்மையிலேயே எது இருக்கிறதோ அதை வாங்க வேண்டும். கேரளத்தின் ஊராளி, மன்னான், முதுவர் முதலிய மக்கள் நெய்யும் கண்ணாடிப்பாய்க்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்தின் பழங்குடிக் கைவினைகளில் அந்தக் குறியீட்டைப் பெற்ற முதல் பொருள் அதுதான். ஒருவகை மெல்லிய ஈற்றையின் உட்பகுதியை நூல்போல் சீவி எடுத்து நெய்வார்கள். பாயின் மேற்பரப்பு ஒளியில் பளபளக்கும். மூங்கில் குழாய்க்குள் சுருட்டி அடைத்துவிடலாம் என்னும் அளவுக்கு அது மெல்லியது. மரச்சிற்பம் தேடி வருகிறவர் இப்படி ஒரு பாயைச் சொல்லி நெய்யச் செய்தால், அந்த வீட்டின் உழைப்புக்கு நேரான விலை போகும், காட்டுக்கும் கேடு இல்லை.

விற்கக் கூடாத பொருள்களும் உண்டு. காணிகளின் சாற்றுப் பாட்டோடு இசைக்கப்படும் கொக்கரை என்னும் இரும்புக் கருவி வழிபாட்டுக்கும் நோய் தீர்க்கும் சடங்குக்கும் உரியது. சுவரில் மாட்ட அழகாக இருக்கிறது என்று அதை விலை பேசுவதைத் தவிர்க்க வேண்டும். பலமுறை கேட்டால் வறுமை காரணமாக ஒருவர் கொடுத்துவிடக்கூடும். அதனால்தான் கேட்காமல் இருக்கும் பொறுப்பு கேட்பவர்மேல் விழுகிறது.

காணிகளுடன் வெளியுலகம் செய்துகொண்ட மிகப் புகழ்பெற்ற ஒப்பந்தம் கைவினை பற்றியது அன்று, மூலிகை பற்றியது. இருந்தாலும் இங்கே அதைப் பேசியாக வேண்டும். 1987இல் புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர் குழு அகத்தியமலையில் ஏறியபோது, வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் ஒரு சிறு கனியைத் தின்று களைப்பின்றி நடந்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப் பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, உரிமத்தைக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்குக் கொடுத்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. உலகம் முழுவதும் இதை முன்மாதிரி என்று கொண்டாடினார்கள்.

ஆனால் ஊர்களுக்குள் எல்லோரும் ஒருமனதாக இல்லை. மருத்துவ அறிவைக் கைமாற்றும் உரிமை காணிகளின் மரபு மருத்துவர்களான பிலாத்திகளுக்கே உண்டு என்பது மரபு. வழிகாட்டியாக வந்த ஒரு சிலர் சொன்னதை வைத்து ஒப்பந்தம் போட்டது சரியா என்று பிலாத்திகள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். செடியைக் காட்டிலிருந்து எடுப்பதற்கு வனத்துறையும் தடை சொன்னது. ஒரு சமுதாயத்தின் பொதுச்சொத்தைப் பற்றி யாரிடம் பேசுவது, யார் சம்மதம் சம்மதமாகும் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்துவிட்டது. மரபு உருவம் ஒன்றைச் செதுக்கச் சொல்லும் இடத்திலும் இதே கேள்விதான் நிற்கிறது.

இனி மரத்துக்கு வருவோம். மலையில் சிற்ப மரபு இல்லாவிட்டாலும் அடிவாரத்தில் பெரும் மரபு ஒன்று இருந்தது. நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் கல்குளமும் ஒரே திருவிதாங்கூராக இருந்த காலத்தில், தச்சு ஆசாரிகளுக்கு அரண்மனையும் கோயிலும் வேலை கொடுத்தன. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை அதற்குப் பெரிய சான்று. பூமுகத்தின் மேல்விதானத்தில் 90 பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன என்பது கணக்கு. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. தாய்க் கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில் பலா மரத்தூண் ஒன்று நிற்கிறது. அதன் அருகில் போய்ப் பாருங்கள். பூவிதழ் உட்பக்கம் மடியும் இடத்தில் உளி எந்தக் கோணத்தில் நுழைந்திருக்கும் என்று கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் கட்டிய புத்தன் மாளிகையின் இறவாரத்தைத் தாங்கும் 122 மரக்குதிரைகளும் அந்த மரபின் பிள்ளைகளே. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீசுவரமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்க, அதன் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது.

இந்தச் சிற்பங்கள் எல்லாமே சொல்லிச் செய்வித்தவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். கடையில் அடுக்கி வைத்து விற்றவை அல்ல. செய்வித்தவருக்கு இடமும் அளவும் பயனும் தெரியும், செய்தவருக்கு மரமும் இலக்கணமும் தெரியும். குறை ஒன்றே ஒன்று. அந்த 90 பூக்களைச் செதுக்கியவர்களின் பெயர் பார்வையாளர் கண்ணில் படும்படி எங்கேயும் இல்லை.

திருவனந்தபுரத்தின் தந்தச் செதுக்குக் கலை இன்னொரு பாடம். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சிக்குத் திருவிதாங்கூர் மகாராஜா அனுப்பிய தந்தச் சிம்மாசனம் விக்டோரியா அரசிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் புகழ் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 1986இல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டு இந்தியத் தந்த வணிகம் நின்றது, 1991இல் இறக்குமதித் தந்தமும் தடைக்குள் வந்தது. யானையைக் காக்க அந்தத் தடை அவசியமாக இருந்தது. செதுக்குபவர்கள் சந்தனத்துக்கும் ஈட்டிக்கும் மாறினார்கள். பிறகு அந்த மரங்களும் அருகின. ஈட்டி மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில்தான், ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குக் குறைந்த ஈட்டிப் பொருள்களுக்கு விதி சற்றுத் தளர்ந்தது. அரிய பொருளில் செய்தால்தான் மதிப்பு என்று வாங்குபவர்கள் நினைக்கும்வரை, கலைஞர் ஒரு தடையிலிருந்து இன்னொரு தடைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். திறமைக்கு விலை கொடுக்கப் பழகிவிட்டால் பலாவும் மாவும் அயனியும் போதும்.

கேதுரு மரச்சிற்பத்தின் தாயகத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கனடாவின் மேற்குக் கரையிலும் அலாஸ்காவின் தென்பகுதியிலும் ஹைதா, நிஸ்கா, ஹைஸ்லா, குவாக்வாக்கவாக்கு முதலிய மக்கள் வாழ்கிறார்கள். அந்தக் கரையின் செங்கேதுரு நேரான ரேகையுள்ள மரம். ஆப்பு வைத்து அடித்தால் பலகையாகப் பிளக்கும். மழையில் எளிதில் மக்காது. வீடு, படகு, பெட்டி, கயிறு, உடை எல்லாமே அதிலிருந்து வந்தன. ஒரே பலகையில் மூன்று இடங்களில் வெட்டுத்தடம் போட்டு, ஆவியில் வேகவைத்து, நாலு பக்கமும் மடித்து மூலையில் தைத்துப் பெட்டியாக்கும் வித்தை அவர்களுடையது. உயர்ந்த தூண்களில் செதுக்கப்படும் காக்கை, கழுகு, கரடி, ஓர்க்கா எல்லாம் குலச்சின்னங்கள். ஒரு குடும்பத்தின் சின்னத்தை உரிமையில்லாத இன்னொருவர் செதுக்கக் கூடாது. அந்த உரிமை பெருவிருந்துச் சடங்கில் ஊரறியக் கைமாறும்.

கனடா அரசு 1885 முதல் அந்தப் பெருவிருந்தைச் சட்டத்தால் தடை செய்தது. 1921இல் தடையை மீறி ஒரு விருந்து நடந்தபோது பலர் சிறைக்குப் போனார்கள். முகமூடிகளும் செப்புத் தகடுகளும் கிலுகிலுப்பைகளும் பறிமுதல் செய்யப்பட்டு ஒட்டாவா, டொராண்டோ அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஒரு பகுதி நியூயார்க் சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்கப்பட்டது. தடைக்காலம் முழுவதும் அருங்காட்சியகங்கள் தூண்களையும் வாங்கின, சிலவற்றை உரியவர் ஊரில் இல்லாத நேரத்தில் எடுத்துச் சென்றன. நிஸ்கா மக்களின் நினைவுத் தூண் ஒன்று 1929இல் எடுக்கப்பட்டு ஸ்காட்லாந்துக்குப் போனது. அது திரும்பி வந்தது 2023இல். ஹைஸ்லா மக்களின் தூண் ஒன்று அதே 1929இல் சுவீடனுக்குப் போயிற்று. அதை மீட்க அந்த மக்கள் செய்த காரியம் நெஞ்சைத் தொடுவது. அதே உருவத்தில் புதிதாக ஒரு தூணைச் செதுக்கி ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள், 2006இல் பழையதை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பறித்துக்கொண்டவர்களுக்கே புதிது செதுக்கிக் கொடுத்துத் தங்கள் பொருளை மீட்க வேண்டியிருந்தது.

1951இல் தடை நீங்கியது. அதற்குப் பிறகு கலை மீண்டும் எழக் காரணமாக இருந்தது செய்வித்தல்தான். முங்கோ மார்ட்டின் என்ற குவாக்வாக்கவாக்குச் சிற்பியைப் பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகம் அதற்குச் சற்று முன்பே பழைய தூண்களைச் செப்பனிட அழைத்திருந்தது. 1952இல் விக்டோரியா நகரின் மாகாண அருங்காட்சியகம் அவரைச் சம்பளத்துக்கு வைத்துப் புதிய தூண்களைச் செதுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு அருங்காட்சியக வளாகத்திலேயே தம் மரபுப்படி ஒரு பெருவீட்டைக் கட்டி, அதில் பெருவிருந்து நடத்தினார். அவரிடம் மருமகனும் பேரனும் கற்றார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஹைதா சிற்பி பில் ரீடும் அவருடன் சேர்ந்து செதுக்கினார். ஒரு நிறுவனம் ஒரு முதியவரின் கைக்குத் தொடர்ந்து வேலை கொடுத்ததால் ஒரு தலைமுறையே திரும்பக் கிடைத்தது. பழைய முகமூடியை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தவர்களால் அது முடியவில்லை.

மர நெருக்கடி அங்கேயும் உண்டு. பெருந்தூணுக்கும் படகுக்கும் பல நூற்றாண்டு வயதான மரம் வேண்டும். வெட்டுமரக் கம்பெனிகள் பழங்காட்டை அழித்த பிறகு அத்தகைய மரங்கள் குறைந்தன. ஹைதா தீவுகளில் பெருங்கேதுருக்களைக் கணக்கெடுத்து ஒதுக்கி வைக்க 2010இல் நிலப்பயன்பாட்டு விதி வந்தது. போலிகளும் உண்டு. அமெரிக்காவில் 1990இன் சட்டப்படி, பழங்குடியினர் செய்யாத பொருளைப் பழங்குடிப் பொருள் என்று சொல்லி விற்பது குற்றம். அப்படி ஒரு சட்டம் நம் நாட்டிலும் தேவை என்பது என் கருத்து. 'டிரைபல் ஆர்ட்' என்ற ஒட்டுச்சீட்டை எந்தப் பொம்மைக்கு வேண்டுமானாலும் ஒட்டி விற்கும் கடைகள் இங்கே பெருகிவருகின்றன.

நம் பக்கத்தில் நடந்த சேகரிப்புக்குச் சான்றாகச் செட்டிநாடு போதும். பர்மா தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் வீடு வீடாகப் பிரிக்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் வழியே நாடெங்கும் போயின. இடிக்கப்படுவது உறுதியான வீட்டை வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, முழு வீடாகவே திரும்ப நிறுத்திய முட்டுக்காடு தட்சிணசித்ரா போன்ற முயற்சிகள் குறைவு. கதவு மட்டும் போன இடத்தில் அது அலங்காரப் பலகையாகிவிடுகிறது. நூறாண்டு கடந்த மரச்சிற்பம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. கோயில் வாகனத்திலிருந்தோ தேரிலிருந்தோ வந்த துண்டு என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அது அங்கிருந்து எப்படி வந்தது என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி, இன்று யாரிடம் போய்ச் செய்விப்பது? தமிழ்நாட்டில் பச்சைமலை அடிவாரத்தில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் ஒன்று, சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மற்றொன்று. தேர் வேலையும் வாகன வேலையும் செய்த குடும்பங்கள் தனிச் சிற்பங்களுக்குத் திரும்பிய ஊர்கள் இவை. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் கிடைத்தது. தம்மம்பட்டியும் அந்தப் பட்டியலில் உண்டு. பயன்படும் மரங்களைப் பாருங்கள்: வாகை, மாவிலங்கம், மா, வேம்பு. எல்லாம் வயலோரத்திலும் சாலையோரத்திலும் வளர்பவை. காட்டைத் தொடாமல் ஒரு சிற்ப மரபு வாழ முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அங்கே ஒரு பட்டறையில் வேலை நடக்கும் முறையைப் பார்த்தால் ஆர்டர் கொடுப்பவருக்கு நிறைய விளங்கும். ஒரே மரத்துண்டிலிருந்து சிற்பம் எழும், ஒட்டுவேலை குறை என்றே கருதப்படும். துண்டின்மேல் நடுக்கோடு இழுத்து, தாலக் கணக்கில் குறுக்குக்கோடுகள் போடுகிறார்கள். தாலம் என்பது முகத்தின் நீளம். பிள்ளையார் ஐந்து தாலத்தில் அடங்குவார், திருமாலுக்கும் சிவனுக்கும் பத்துத் தாலம். இரண்டு அடி உயரப் பிள்ளையாருக்கு முகம் மட்டும் ஏறத்தாழ ஐந்து இஞ்சு கிடைக்கும். அதே இரண்டு அடியில் திருமால் கேட்டால் முகம் இரண்டரை இஞ்சுக்குள் முடிந்துவிடும், கண்ணிமையும் உதட்டோரமும் நெல்மணி அளவுக்குச் சுருங்கும். ஆகவே ஒரே உயரம் என்றாலும் இரண்டுக்கும் வேலை வேறு, நாள் வேறு, விலையும் வேறு. "போன தடவை பிள்ளையாருக்கு இவ்வளவுதானே கொடுத்தேன்" என்று பேரம் பேசுவது இந்தக் கணக்கை அறியாத பேச்சு. கொட்டாப்புளியால் தட்டித் தட்டி முதலில் பெரிய உருவத்தை விடுவிக்கிறார்கள். பிறகு உளி சிறிதாகிக்கொண்டே போகும். முகத்தைக் குடும்பத்தின் மூத்தவர்தான் முடிப்பார் என்ற வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. கண்ணைத் திறப்பது கடைசியில்.

மரத்தைப் பற்றிய பேச்சை ஆர்டரின் முதல் வரியாக வையுங்கள். ஈரம் காயாத மரத்தில் அவசரப்படுத்திச் செய்வித்தால், குளிர்சாதன அறைக்குள் வந்த சில மாதங்களில் முகத்தின் குறுக்கே வெடிப்பு ஓடும். பெரிய துண்டின் நடுப்பகுதி வேறாகச் சுருங்கும், வெளிப்பகுதி வேறாகச் சுருங்கும். கேதுருத் தூண் செதுக்குபவர்கள் பின்பக்கத்தைக் குடைந்து எடுத்துவிடுவது இந்த வெடிப்புக்கு அஞ்சித்தான். நம் சிற்பிகளும் பெரிய உருவங்களின் முதுகைக் குடைவதுண்டு. அதைக் குறையாக எண்ண வேண்டாம். நம் மலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரம் சிற்பத்துக்கு ஏற்றதன்று. மருந்தேற்றாவிட்டால் வண்டு துளைத்துவிடும். சொந்தப் புரையிடத்தில் பலாவோ அயனியோ விழுந்திருந்தால் அதைப் பலகையாக அறுத்துக் காயவைத்து, ஓராண்டு கழித்துச் சிற்பியிடம் கொண்டுபோவதுபோல் சிறந்த வழி இல்லை. தேக்கோ ஈட்டியோ என்றால் மரம் எங்கிருந்து வந்தது என்ற ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் அருகினால் கலை எப்படித் தள்ளாடும் என்பதை ஆந்திரத்தின் கொண்டபள்ளியில் காணலாம். தெல்ல பொணிகி என்ற ஒரே மென்மரத்தை நம்பி நின்ற பொம்மைக் கலை, அந்த மரம் குறைந்தபோது தவித்தது. சிற்பம் வாங்கும் ஒவ்வொருவரும் வாகையோ மாவிலங்கமோ ஒன்றை நட்டு வளர்த்தால் அது அடுத்த தலைமுறைச் சிற்பிக்குப் போகும் மூலப்பொருள்.

பணப் பேச்சு வெளிப்படையாக இருக்க வேண்டும். அச்சாரமாக மூன்றில் ஒரு பங்கையாவது கொடுங்கள். சிற்பி மரத்தை ரொக்கத்துக்குத்தான் வாங்குகிறார். பாதி வேலையில் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், அப்போது இன்னொரு பங்கு. முடிந்த அன்றே மீதி. அளவு, மரம், மெருகு, ஒப்படைக்கும் நாள், எடுத்துவரும் செலவு யாருடையது, வெடிப்பு வந்தால் யார் சரிசெய்வது என்பதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இந்தத் தாள் முதலில் காப்பது சிற்பியைத்தான். ஆர்டர் கொடுத்துவிட்டு மனம் மாறிப் போகிறவர்களால் முடிந்த சிலைகள் பட்டறை மூலையில் தேங்கிக் கிடக்கும் துயரம் எல்லாக் கைவினை ஊர்களிலும் உண்டு.

இன்று பெரிய குழப்பம் மெஷின். சி.என்.சி மெஷினில் செதுக்கிய கதவுப் பலகைகள் நாகர்கோவில் முதல் சென்னை வரை கிடைக்கின்றன. மெஷினில் செய்ததை மெஷினில் செய்தது என்று சொல்லி விற்றால் தவறில்லை. கைவேலை என்று சொல்லி, கைவேலை விலைக்கு விற்பதுதான் மோசடி. இலையும் பூவும் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறதா, குழிகளின் அடிமூலை எல்லாம் ஒரே வளைவில் இருக்கிறதா, விரலுக்குப் பின்னால், துணிமடிப்புக்குக் கீழே உளி புகுந்து வெட்டிய இடம் உண்டா என்று பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். புதுச் சிற்பத்துக்குச் சாயமும் புகையும் ஏற்றி 'ஆன்ட்டிக்' என்று விற்பதும் நடக்கிறது. பழைமை மோகம் இல்லாதவரிடம் அந்த ஏமாற்று பலிக்காது.

கடைசியாக, பெயரும் உரிமையும். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் பணம் கொடுத்துச் செய்வித்த சிற்பமானாலும் அதன் படைப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சிற்பியிடமே நிற்கும். சிலை உங்களுடையது, அதை அச்செடுத்து நூறு பிரதி செய்து விற்கும் உரிமை உங்களுடையதன்று. படைப்பாளிக்கு அதைவிட ஆழமான உரிமை உண்டு என்பதை அமர்நாத் சேகல் வழக்கு நிறுவியது. தில்லி விஞ்ஞான் பவனுக்காக மத்திய அரசு அவரிடம் ஒரு வெண்கலச் சுவர்ச்சிற்பம் செய்வித்தது. 1979இல் அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், சிதைந்தது. 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், செய்வித்தவர் அரசே ஆனாலும் படைப்பைச் சிதைக்க உரிமை இல்லை என்று தீர்ப்பளித்து, எஞ்சியதைச் சிற்பியிடம் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. மாநில அரசின் கைவினை விருது பெற்றவரோ பெயர் தெரியாத ஆசாரியோ, அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தும்.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. செய்த மனிதரின் பெயரை அது காப்பதில்லை, அதை வாங்குபவர்தான் காக்க வேண்டும். அம்பூரியில் வீடு கட்டுகிறவராயினும் டொராண்டோவில் வாழும் தமிழராயினும் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: மலைமக்களிடம் பாய் சொல்லி நெய்யச் செய்யுங்கள், அரும்பாவூரிலும் தம்மம்பட்டியிலும் சிற்பம் சொல்லிச் செய்வியுங்கள். அடுத்த முறை செய்விக்கும்போது, பீடத்தின் அடியில் சிற்பியின் பெயர், ஊர், மரம், ஆண்டு நான்கையும் அவர் கையாலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். அதற்கான கூலியையும் சேர்த்தே கொடுங்கள்.